மூன்று மில்லிமீட்டர் பூச்சும் அதற்கு அடியில் உள்ள வேலையும்

தரையை உடைக்காமல் அதன் மேலேயே மைக்ரோசிமெண்ட் என்ற மெல்லிய சிமெண்டுப் பூச்சைப் பூசி வீட்டைப் புதிதாக்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் பழைய டைல்ஸ் தரை ஒன்று, அதன் மேல் ஒரு கரண்டி, அடுத்த நொடி சாம்பல் நிறத்தில் மழமழவென்று ஒரு ஹால். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எங்கள் வீட்டில் அதைச் செய்து முடித்தாயிற்று. தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் கும்மாளம் எல்லாம் அந்தத் தரை மேல் நடந்து முடிந்தன. அந்த ஒரு நொடியில் வெட்டி எறியப்படுவதுதான் வேலையில் முக்கால் பங்கு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், ஒற்றைத் தள வரிசை வீடு. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள்தான். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காசும் அம்மா கட்டிய கூட்டுச் சீட்டுப் பணமும் சேர்ந்து முன்பணமாகின. முன் ஹாலில் பன்னிரண்டு அங்குல டைல்ஸ், சமையலறையில் எட்டு அங்குலம், குளியலறையில் ஒரு அங்குல மொசைக், பின்னால் துணி துவைக்கும் இடத்தில் சிவப்பு சிமெண்டு. ஒவ்வொன்றும் கையில் காசு இருந்த காலத்தில் ஒவ்வொரு முறை போட்டது. அதனால் வீட்டுக்குள் நடந்தாலே எங்கள் குடும்பப் பொருளாதார வரலாறு காலில் படும்.

உடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வரிசைக்கே தெரியும். மூலை வீட்டில் உடைத்தபோது சாலையை அடைத்துக்கொண்டு ரோரோ தோம்பு, அதாவது இடிபாட்டுக் குப்பை போடும் பெரிய தொட்டி, நின்றது. பொதுச்சுவர் வழியாக வந்த அதிர்வில் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் விளக்கு நகர்ந்தது. டைல்ஸை எடுக்கும்போது அதற்குக் கீழே இருந்த சிமெண்டு மட்டமும் கூடவே பெயர்ந்து வந்ததால், புது டைல்ஸ் போடும் முன் தரை முழுவதும் மறுபடி மட்டம் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவு முதல் விலைச்சீட்டில் இல்லை. டைல்ஸ் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம், செய்பவர்களும் உண்டு. ஆனால் பசையும் ஓடும் சேர்ந்து அரை அங்குலத்துக்கு மேல் தரை உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், குளியலறைப் படியின் உயரம் மாறிவிடும், முட்டி வலிக்காரர்களுக்குப் புதிதாக ஒரு தடுக்கல். மைக்ரோசிமெண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான். நாங்கள் ஒரு கதவையும் தொடவில்லை.

அம்மாவுக்குத்தான் இது பிடிபடவே இல்லை. மாதிரிப் பலகையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “ஏம்பா, லயத்துல சிமெண்டுத் தரையில கெடந்தது போதும்னுதானே இந்த வீட்டுக்கு வந்தோம். டைல்ஸ் போடணும்னு உங்கப்பா ஞாயித்துக்கெழமையும் மரம் வெட்டப் போனாரு. இப்ப நீ காசு குடுத்து சிமெண்டு போடப் போறியா?”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நம் ஊர்களில் இந்த வேலையை யோசிப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. சாம்பல் நிறத் தரை நகரத்து இளையவர்களுக்கு நாகரிகம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது முடியாமல் நிற்கும் வேலை. பேசிப் பேசிக் கடைசியில் ஹாலுக்கு மணல் நிறம், சமையலறைக்கு மங்கிய செங்காவி என்று உடன்பாடு ஏற்பட்டது. நிறப்பொடியைக் கலவையிலேயே சேர்ப்பதால் எந்த நிறமும் கிடைக்கும். சாம்பல்தான் வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை.

சாதாரண சிமெண்டுக் கலவையை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் காய்ந்ததும் வெடித்துப் பொரிந்துவிடும். மைக்ரோசிமெண்டில் சிமெண்டு, மாவாக அரைத்த மணல், நிறப்பொடி இவற்றோடு பாலிமர் பிசின் சேர்கிறது. அந்தப் பிசின்தான் டைல்ஸ் மாதிரியான வழுவழுப்பான பரப்பிலும் ஒட்டிக்கொள்ள வைக்கிறது, கொஞ்சம் நெகிழ்வும் தருகிறது. முதலில் ஒட்டுப் பூச்சு. பிறகு கண்ணாடி இழை வலையை உள்ளே வைத்துக் கரடான அடிப்பூச்சு. அதற்கு மேல் நைசான பூச்சு, கடைசியில் பாலியூரித்தேன் மேல்பூச்சு. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் தேய்ப்பு. கறையைத் தடுப்பதும் தண்ணீரைத் தடுப்பதும் அந்தக் கடைசிப் பூச்சுதான். கடைக்காரர் “இது வாட்டர்புரூப்” என்று சொன்னால் எது வாட்டர்புரூப் என்று கேளுங்கள்.

விலை கேட்க வந்தவர்களில் ஒருவர் வாசலிலேயே நின்று, ஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சதுர அடிக் கணக்கைச் சொல்லி, “அடுத்த வாரம் ஆரம்பிச்சிரலாம் பாஸ்” என்றார். விலையும் குறைவுதான். அவருக்கு வேலையைக் கொடுக்கவில்லை. ஈப்போவிலிருந்து வந்த இன்னொரு அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஐம்பது காசை எடுத்து முட்டி போட்டு உட்கார்ந்தார். ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல ஓட்டில் ‘டிக், டிக்’ என்று கெட்டியான சத்தம். சில ஓடுகளில் அது ‘டொப்’ என்று இறங்கியது. அங்கே சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. தட்டி முடித்து எழுந்தபோது பெருக்கல் குறிகள் அதிகம் இருந்தது முன்பக்கக் கண்ணாடிக் கதவை ஒட்டித்தான். பிற்பகல் வெயில் நேராக விழும் இடம் அது. வெயிலில் ஓடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சுவரோரம் விரிய இடம் விடாமல் இறுக்கிப் போட்டிருந்தால் நாளடைவில் அடிப்பிடிப்பு விட்டுப்போகும். சில வீடுகளில் ஒரு நாள் ‘படார்’ என்று கூடாரமாக எழும்பி நிற்பது இந்த ஓடுகள்தான்.

“இதுங்கள எடுத்துரணும் தம்பி. மத்ததுல கை வைக்க வேணாம்” என்றார்.

ஆக, உடைக்காத வேலையிலும் கொஞ்சம் உடைத்தோம். குறி போட்ட ஓடுகளை மட்டும் பெயர்த்து, பள்ளத்தைப் பழுதுபார்க்கும் கலவையால் நிரப்பி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்தார்கள். அடியில் ஆடும் ஓட்டின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது புண்ணின் மேல் பவுடர் போடுவதுதான். ஓடு அசைந்த அன்றே பூச்சு பிளக்கும்.

மெழுகுச் சோதனையையும் அவர்தான் காட்டினார். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் மேலே மெழுகோ பழைய பாலிஷோ இருக்கிறது, அதைச் சுரண்டி எடுக்காமல் எதுவும் ஒட்டாது. சிவப்பு சிமெண்டுத் தரைக்கு வாராவாரம் மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய வீடுகளில் இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்த மெழுகு சிமெண்டுக்குள் நன்றாக ஊறிப்போயிருக்கும்.

டைல்ஸ் இடுக்குகள் இன்னொரு தலைவலி. அவற்றை ஓட்டின் மட்டத்துக்கு நிரப்பிக் காயவிட்டு, காய்ந்ததும் கலவை உள்ளிறங்கியிருந்தால் மறுபடியும் நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் சில மாதங்கள் கழித்து, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, பழைய டைல்ஸ் கட்டங்கள் பூச்சின் மேல் மங்கலாகத் தெரியும். எங்கள் ஹாலில் ஒரு மூலையில் உற்றுப் பார்த்தால் இரண்டு கோடு தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சமையலறைதான் எல்லாரையும் அதிகம் யோசிக்க வைத்தது. நம் ஊர் வரிசை வீடுகளில் முக்கால்வாசியில் பின்பக்கம் நீட்டியிருப்பார்கள். வீடு கட்டியவன் போட்ட தரை ஒன்று, பிறகு நாம் கொத்தனாரை வைத்து நீட்டிய தரை ஒன்று. இரண்டுக்கும் ஒரே அஸ்திவாரம் இல்லை. நீட்டிய பகுதி தன் போக்கில் மெல்ல இறங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு விரிசல் ஓடும், தெரியுமா? அதை நீங்கள் எத்தனை முறை சிமெண்டு வைத்து அடைத்திருப்பீர்கள்! எங்கள் வீட்டில் அப்பா ஒரு முறை, நான் ஒரு முறை அடைத்திருக்கிறோம். விரிசல் இருவருக்கும் மரியாதை கொடுக்கவில்லை.

இணைப்பே இல்லாத ஒரே பரப்பு என்பதுதான் மைக்ரோசிமெண்டின் அழகு. ஆனால் அடியில் இரண்டு தரைகள் தனித்தனியாக நகர்ந்துகொண்டிருந்தால் மேலே இருக்கும் மூன்று மில்லிமீட்டர் என்ன செய்யும்? வலை வைத்தாலும் முடியிழைக்கோடு வந்தே தீரும். அந்த இடத்தில் பூச்சை வெட்டி நிறுத்தி, நடுவில் ஒரு மெல்லிய பித்தளைப் பட்டை வைத்து, பக்கத்தில் நெகிழ்வான நிரப்பி போட்டோம். தரை நகர்ந்தால் அந்தக் கோட்டில் நகரட்டும். அம்மாவுக்கு அந்தப் பட்டையைப் பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே வைத்த அலங்காரம் என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். நீட்டிய பகுதியின் விரிசல் இன்னும் அகலமாகிக்கொண்டே இருந்தால், அல்லது ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்துகொண்டே போனால், அது பூச்சு வேலைக்கான தரையே இல்லை. கட்டட ஆளைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தைப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. மண்ணின் ஈரம் சிமெண்டு வழியாக மேலே ஏறி, திறந்த தரையில் காற்றோடு போய்விடும். அதன் மேல் பாலியூரித்தேன் போட்டு மூடினால் போக வழியில்லாமல் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். சோதிக்கச் செலவே இல்லை. பதினெட்டு அங்குலச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. டைல்ஸ் மேல் ஒட்டினால் ஓடே ஈரத்தை மறைத்துவிடும். அதனால் ஓட்டைப் பெயர்த்த பள்ளத்தில் ஒட்டிப் பார்த்தோம். ஹால் தேறியது. பின்னால் துணி துவைக்கும் இடத்தின் சிவப்பு சிமெண்டில் காலையில் பிளாஸ்டிக்கை உரித்தபோது அடிப்பக்கத்தில் தண்ணீர் வழிந்தது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். அங்கே பழைய தரையே போதும், எந்தக் குறையும் இல்லை.

சமையலறைச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கீழே பெயிண்ட் உரிந்து, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வருடாவருடம் தீபாவளிக்கு முன் சுரண்டி அடித்துவிட்டு அடுத்த தீபாவளிக்குள் மறுபடி உரிவதைப் பார்த்த சுவர்தான். எங்கள் வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரான அந்த ஈப்போ அண்ணன் அந்தப் பக்கத்துச் சாந்தை மட்டும் கொத்தச் சொன்னார். கொத்தியபோது செங்கல்லோடு சேர்ந்து பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) தெரிந்தது. முட்டி வளையும் இடத்தில் துருவேறி, ஊசித்துளை ஒன்றிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாகக் கசிந்ததோ! வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டர் முள் ஓடுகிறதா என்று பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று பைப்காரர் சொன்னார். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் எங்கோ கசிவு. சுவரில் எதையும் பூசுமுன் இதைப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நாங்கள் பழைய பைப்பை முழுவதுமாகக் கைவிட்டுப் புதிதாக இழுத்தோம். சுவர் காய வாரக்கணக்கில் ஆனது. இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் அவசரப்படுத்த முடியாது. மின்விசிறி வைக்கலாம், பொறுமையும் வைக்க வேண்டும்.

குளியலறையில் சுவரை மட்டும் பூசினோம், தரையைத் தொடவில்லை. இது என் பிடிவாதம். ஒரு அங்குல மொசைக்கில் இடுக்குகள் நிறைய; ஈரக் காலுக்கு அவைதான் பிடிப்பு. மேல்பூச்சு வழுக்கும். வழுக்காமல் இருக்க அதில் நுண்ணிய மணித்துகள் கலக்கலாம், கலந்தாலும் மொசைக் அளவுக்கு வராது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இன்னும் உண்டு. தீபாவளி விடியற்காலையில் ஒருவர் பின் ஒருவராக நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட அந்தத் தரையில் கால் வைப்போம். எழுபது வயதுக்காரர் இருக்கும் வீட்டில் அழகுக்காக அந்தத் தரையை மாற்ற மனம் வரவில்லை. மொசைக்கின் இடுக்குகளை மட்டும் சுரண்டிப் புதுக் கலவை அடைத்தோம், அதுவே புதிதாகத் தெரிகிறது. குளியலறைத் தரையும் பூசத்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள்: தண்ணீர் வடியும் துளையை நோக்கிய சரிவு பூச்சில் மாறிவிடக் கூடாது, ஏற்கெனவே கசிவு இருந்தால் பூச்சு அதைச் சரி செய்யாது, நீர்த்தடுப்பு வேலை தனி.

உடைக்காததால் தூசியே இல்லை என்ற விளம்பரம் பாதி உண்மை. கல் பறக்காது, அவ்வளவுதான். அடுக்குக்கு அடுக்கு தேய்க்கும்போது வரும் தூசி மாவுக்கும் நைசானது, அதில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது. தேய்க்கும் இயந்திரத்தோடு தூசி உறிஞ்சி இணைத்திருக்க வேண்டும், ஆட்கள் என்95 முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். வங்காளதேசத் தம்பிகள் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கி வந்து கொடுத்தேன். பழைய வீட்டின் உட்கூரை (சீலிங்) தகடு, கூரைத் தகடு போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அவற்றின் மேல் தேய்ப்பு இயந்திரமோ துளைக்கும் இயந்திரமோ படவிடாதீர்கள்.

வீட்டிலேயே இருந்துகொண்டு வேலையை முடிக்கலாம் என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு அடுக்கும் காயும்வரை காலை வைக்க முடியாது. மேல்பூச்சு போட்ட பிறகு மறுநாள் வெறுங்காலோடு மெல்ல நடக்கலாம் என்றார்கள். தண்ணீர் ஊற்றித் துடைக்க, நாற்காலி மேசை வைக்க ஒரு வாரம் கேட்டார்கள். அம்மா ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போனார். மழை விடாமல் பெய்த நாளில் மேல்பூச்சுக்கு வந்த ஆட்களைக் குத்தகையாளரே திருப்பி அனுப்பினார். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பூச்சு பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும் என்றார். அன்றைக்கு அவர் மேல் என் மரியாதை கூடியது.

இனி புழக்கம். மஞ்சள் சிந்தினால் உடனே துடைத்தால் போகிறது, மறுநாள் பார்த்தால் மங்கலாக ஒரு நிழல் நிற்கிறது. மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும் இயல்புடையது என்பதால் பின்கதவை ஒட்டி வெயில் படும் இடத்தில் விழுந்த கறை கொஞ்ச நாளில் காணாமல் போயிற்று; அடுப்படியில் விழுந்தது இன்னும் இருக்கிறது. சாமி மேடைக்குக் கீழே குங்குமமும் எண்ணெயும் சொட்டும் இடத்தில் பித்தளைத் தட்டு ஒன்றை வைத்துவிட்டோம். எலுமிச்சை, புளி, கழிவறைக்கு ஊற்றும் அமிலம், குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் எதுவும் கூடாது. பாத்திரம் கழுவும் மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும். மிகப் பெரிய எதிரி கேஸ் தோம்பு. கேஸ்காரர் 14 கிலோ தோம்பைச் சாய்த்து உருட்டிக்கொண்டே சமையலறைவரை வருவார். அடிவளையம் தேய்த்தால் மேல்பூச்சு கீறும், கீறிய வழியில் எண்ணெய் இறங்கும். இப்போது வாசலிலிருந்து அடுப்படிவரை பழைய யோகா விரிப்பைப் போட்டுவிட்டுத்தான் அவரை உள்ளே கூப்பிடுகிறார் அம்மா. நாற்காலிக் கால்களுக்குத் துணிப் பொட்டு ஒட்டியிருக்கிறோம். மேல்பூச்சைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். மிஞ்சிய நிறப்பொடியையும் மாதிரிப் பலகையையும் குத்தகையாளரிடமிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு பழுது பார்க்கும்போது நிறம் பொருந்த அதுதான் ஆதாரம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மலிவு என்று நினைத்து இறங்காதீர்கள். சதுர அடிக் கணக்கில் சாதாரண டைல்ஸ் போடுவதைவிட அதிகம்தான், ஏனென்றால் காசு போவது பொருளைவிடக் கைவேலைக்கு. உடைப்பு, குப்பை அகற்றல், மறுமட்டம், கதவு அறுப்பு எல்லாம் மிச்சமாவதைக் கூட்டினால் இடைவெளி குறையும். கெட்டியான பழைய தரை இருந்தால் கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் ஆகாது.

லிந்தாங்கில் இருக்கும் மாமா எங்கள் ஹாலைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் அதே அண்ணனைக் கூட்டி வரச் சொன்னார். முதலில் நானே ஐம்பது காசோடு போனேன். ஹாலில் பாதி ஓடுகள் ‘டொப்’ என்றன. சமையலறையில் நடந்தாலே சில ஓடு காலுக்கடியில் அசைந்தது. “இதுக்கு மேல பூசாதீங்க மாமா, ஒடச்சிருங்க” என்றேன். முகம் சுண்டிப்போனது. பிறகு அவரே ஒரு ஓட்டைக் கத்தி நுனியால் நெம்பினார், கையோடு வந்துவிட்டது. இப்போது உடைக்கும் ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ரோரோ தோம்பை எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் வைத்துக்கொள்ள அவர்கள் சம்மதிப்பார்களா என்பதுதான் அங்கே இப்போது பேச்சு.